பதினெட்டுப் புள்ளி ஒன்பது

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என்னிடமிருந்து எடுக்கப்பட்டது. இடது கை மோதிர விரல் நுனியில் ஊசியால் ஒரு குத்து, ஒரே ஒரு சொட்டு. இடம், புனேயில் ஔந்து பகுதியில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி சொசைட்டியின் கிளப் ஹவுஸ், டேபிள் டென்னிஸ் மேஜைக்குப் பக்கத்தில். போன மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகால் மணி.

அது ரத்த தான முகாம். என் பெயர் பத்ரிநாத். பாணேரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் மற்றவர்கள் எழுதியதில் தப்பு கண்டுபிடிக்கும் வேலை. மிச்ச நேரத்தில் கதை எழுதி அந்தத் தப்புகளை நானே செய்கிறேன்.

இரண்டாவதாகவும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் சிகரெட் பிடிக்கிறவன். ஒரு நாளைக்கு ஒன்பது. பதினோரு வருஷமாக. என் மனைவி சுப்ரஜாவுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்துவிட்டது. தயவுசெய்து கதை முடியும்வரை வாயை மூடிக்கொண்டு இருங்கள்.

கதைக்குள் நான் சிகரெட் பிடிக்க மாட்டேன். ரங்கராஜன் என்று ஒருவரை ஏற்பாடு செய்திருக்கிறேன், அவர் பிடிப்பார். அவருக்கு கனகவல்லி என்று ஒரு மனைவி. இரண்டு பேரும் கற்பனை. என் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, சமையலறை ஜன்னல் இருக்கும் இடத்தைத் தவிர.

2

தொடக்கம் அ: "ரங்கராஜனின் ரத்தம் கெட்டியாக இருந்தது."

இதைப் படித்தால் அடுத்த வரியில் போலீஸ் வரும் என்று எதிர்பார்ப்பீர்கள். அடித்துவிட்டேன்.

தொடக்கம் ஆ: "மனித உடலில் சுமார் ஐந்து லிட்டர் ரத்தம் ஓடுகிறது. இதயம் அதை ஒரு நிமிடத்துக்கு எழுபது முறை—"

எழுதிய எனக்கே கொட்டாவி வந்தது. பத்தாம் வகுப்பில் இதைப் படித்து, படமும் போட்டு, சிவப்பு பென்சில் தீர்ந்துபோனதுதான் மிச்சம்.

தொடக்கம் இ: "பால்கனியில் நின்றபடி ரங்கராஜன் அன்றைய மூன்றாவது—"

பால்கனியா? சமையலறை ஜன்னல் பால்கனியைப் பார்த்தல்லவா இருக்கிறது! முதல் வாக்கியத்திலேயே மனுஷன் மாட்டிக்கொள்வான், கதை ஒன்றரை வரியில் தீர்ந்துவிடும்.

(இங்கே இருபது நிமிஷ இடைவெளி. கொத்தமல்லி வாங்கப் போயிருந்தேன்.)

தொடக்கம் ஈ வேண்டாம். நேராக முகாமுக்கே போய்விடுவோம்.

3

கிளப் ஹவுஸில் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். ரங்கராஜன் பதினெட்டாவது ஆள். வரிசையின் தலைமாட்டில் ஒரு கண்ணாடிக் குப்பி, அதில் நீல நிறத் திரவம். விரலில் எடுத்த சொட்டை அதில் விடுவார்கள். மூழ்கினால் ரத்தத்தில் தெம்பு இருக்கிறது, தானம் செய்யலாம். மிதந்தால் பிஸ்கட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

கனகவல்லியின் சொட்டு மிதந்தது. மெஷினில் பார்த்தபோது 11.4.

"அதான் நேக்குத் தெரியுமே. நேக்கு எப்பவும் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு அவள் பிஸ்கட் மேஜைக்குப் பொறுப்பேற்றுக்கொண்டாள்.

ரங்கராஜன் கையை நீட்டினே—

நீட்டினார். சொட்டு நீலத்தில் விழுந்ததும் அடிக்குப் போய் உட்கார்ந்துவிட்டது. எதற்கும் பார்ப்போம் என்று மெஷினில் வைத்தார்கள். 18.9.

இந்த இடத்தில் ஒரு விளக்கம் தேவை. எங்களைப் போன்ற குடும்பங்களில் ஹீமோகுளோபின் என்பது மருத்துவ அளவு அல்ல, மார்க். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும்போதுகூட ஒரு மாமி காதோடு, "பொண்ணுக்கு ஹீமோகுளோபின் எவ்ளோ?" என்று கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு வந்தால் பாஸ். பதினான்கு ஃபர்ஸ்ட் கிளாஸ். பதினெட்டு என்பது யாரும் கேள்விப்படாதது. மார்க் கூடிப்போனால் அதுவும் வியாதி என்பது எங்கள் யாருக்கும் தோன்றாது. நூற்றுக்கு நூற்றுப் பத்து வாங்கிய பிள்ளையை எந்த அப்பா சந்தேகப்பட்டிருக்கிறார்?

ஐந்தாம் மாடி தேஜஸ்தான் முகாமை நடத்துகிறவன். கையில் மைக் வேறு. "எயிட்டீன் பாயின்ட் நைன்! அங்கிள்தான் டாப்பர்!" என்று அலறினான். வரிசை கைதட்டியது.

நானும் கைதட்டினேன்.

(மேலே உள்ள வரி தவறு. ரங்கராஜன் கைதட்டினார். போகட்டும், நீங்கள் இவ்வளவு தூரம் வந்த பிறகு அவரை வைத்துக்கொண்டு நான் சிரமப்படுவதில் அர்த்தமில்லை. நாம் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது "நான்" என்றே எழுதிவிடுகிறேன். யாராவது வந்தால் ரங்கராஜனைக் கூப்பிட்டுக்கொள்ளலாம்.)

கைதட்டாத ஒரே ஆள் டாக்டர் தேஷ்முக். ஒல்லியான அம்மாள். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைத் தனியாகக் கேரம் போர்டு பக்கம் அழைத்துப் போனார். அவர் பேசியது இந்தி, நான் பயந்தது தமிழில்.

"சிகரெட் பிடிப்பீர்களா?"

"இல்லையே."

மூக்கை லேசாக என் பக்கம் நீட்டினார்.

"எத்தனை?"

"ஒன்பது."

4

அவர் சொன்னதை நான் எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். டாக்டர்கள் யாராவது படித்தால் பல்லைக் கடித்துக்கொள்ளவும்.

ரத்தச் சிவப்பணுவுக்குள் இருக்கிற ஹீமோகுளோபினை நான்கு பேர் உட்காரும் ஷேர் ஆட்டோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நுரையீரல்தான் ஸ்டாண்ட். அங்கே நாலு ஆக்ஸிஜன் ஏறும். மூளையில் ஒன்று, முழங்காலில் ஒன்று என்று அங்கங்கே இறங்கிக்கொள்ளும். காலி வண்டி திரும்ப ஸ்டாண்டுக்கு வரும். நாள் பூராவும் இதே சவாரி. ஒரு சிவப்பணு இப்படி நூற்றிருபது நாள் ஓடிவிட்டு ஓய்ந்துவிடும். அதற்குள் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை புதியது செய்துவிடும்.

சிகரெட் புகையில் கார்பன் மோனாக்ஸைடு என்று ஒரு பயணி வருவார். சீட் பிடிப்பதில் ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்கு கெட்டிக்காரர். ஏறி உட்கார்ந்தால் லேசில் இறங்கமாட்டார். மூளை ஸ்டாப் வரும், போகும். இவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் இறங்குவதற்குள் நான் அடுத்த சிகரெட்டைப் பற்றவைத்துவிடுவேன்.

இதைச் சிறுநீரகம் கவனிக்கிறது. "சரியாக ஆக்ஸிஜன் வந்து சேரவில்லை" என்று மஜ்ஜைக்குப் புகார் அனுப்புகிறது. மஜ்ஜை பாவம், காரணமெல்லாம் கேட்காது. வண்டி போதவில்லை போலிருக்கிறது என்று மேலும் மேலும் ஆட்டோக்களைச் செய்து சாலையில் விடுகிறது. சாயங்காலம் ஆறரை மணிக்கு பாணேர் சாலையைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. போதாக்குறைக்கு நிகோடின் சாலையைக் குறுக்குகிறது. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளத் தயாராகின்றன. நெரிசல் இதயத்துக்குப் போகிற வழியில் நடந்தால் மாரடைப்பு, மூளைக்குப் போகிற வழியில் நடந்தால் பக்கவாதம்.

"18.9 என்பது உங்கள் உடம்பு வாங்கிய மார்க் இல்லை. அது மூச்சுக்குத் தவிக்கிற உடம்பின் அறிகுறி" என்றார் டாக்டர். "இன்றைக்கு உங்கள் ரத்தத்தை எடுக்கமாட்டேன். சிகரெட்டை நிறுத்துங்கள். அடுத்த மாதம் மனைவியோடு வந்து என்னைப் பாருங்கள்."

அந்த "மனைவியோடு" என்ற வார்த்தையைக் கேட்டதும் தப்பிக்க வழி தேடினேன். திரும்பிப் பார்த்தால் சுப்ரஜா பிஸ்கட் தட்டோடு வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் பாதி சொசைட்டி.

"ஏன்னா, உங்க ரத்தத்தை வேண்டாம்னுட்டாளாமே, ஏன்?"

ஒரு எழுத்தாளனுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் இப்படிக் கற்பனை வரும். நான் சொன்னேன்:

"இவ்ளோ நல்ல ரத்தத்தைச் சாதாரணமா எடுத்துடக் கூடாதாம். எமர்ஜென்சிக்கு ரிசர்வ்ல வெச்சிருக்காளாம்."

5

எல்லாரும் நம்பினார்கள். நான் எழுதிய கதைகளில் இவ்வளவு வாசகர்களைச் சென்றடைந்தது அது ஒன்றுதான்.

ரத்தம் எப்படி இவ்வளவு நன்றாயிற்று என்று கேள்வி வந்தது. சுப்ரஜா கண்ணைக்கூட இமைக்கவில்லை. "பீட்ரூட்" என்றாள்.

பதினோரு வருஷமாகத் தினமும் காலை ஆறு மணிக்கு அவள் எனக்கு பீட்ரூட் ஜூஸ் கொடுக்கிறாள் என்பது உண்மை. ரெண்டு பீட்ரூட், ஒரு நெல்லிக்காய், நாலு பேரீச்சம்பழம், ஒரு கைப்பிடி கறிவேப்பிலை. குடித்துவிட்டு நான் நேராக ஆபீஸ் வாசலில் இருக்கும் டப்ரிக்கு, அதாவது டீயும் சிகரெட்டும் விற்கிற பெட்டிக்கடைக்கு, போய்விடுவேன் என்பதும் உண்மை. முதல் உண்மைதான் ஊருக்குத் தெரியும்.

அன்று சாயங்காலமே வாட்ஸ்அப்பில் "ரக்த சக்தி" என்று குழு ஆரம்பித்தாயிற்று. முதல் வாரம் முப்பது பேர். இப்போது நூற்று நாற்பத்து மூன்று. பக்கத்து சொசைட்டியிலிருந்து மராத்திப் பெண்கள் "சுப்ரஜா வஹினி" என்று அண்ணி முறை வைத்துக் கூப்பிட்டுக்கொண்டு வந்து செய்முறை கேட்டுப் போகிறார்கள். சந்தையில் பீட்ரூட் கிடைக்கவில்லை என்று யாரோ என்னையே முறைத்தார்கள். இத்தனை வருஷமாக இந்த ஊரில் சுப்ரஜாவை யாரும் எதற்கும் தேடி வந்ததில்லை. இப்போது மணி அடித்தால் அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு கதவைத் திறக்கிற அழகை நீங்கள் பார்க்க வேண்டும். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

ஒருவர்கூட ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. அதே ஜூஸைத் தினமும் சுப்ரஜாவும் குடிக்கிறாள். அவளுக்கு ஏன் 11.4?

(இங்கே இன்னும் ஒரு இடைவெளி. கறிவேப்பிலை மறந்துபோய்விட்டது.)

6

இதுவரை நடந்ததெல்லாம் சிரிப்பு. இதற்குப் பிறகும் சிரிக்கலாம், ஆனால் கொஞ்சம் ஓரமாக நின்றுகொண்டு.

தேஜஸின் மனைவி வைஷு ஆறு மாத கர்ப்பிணி. புனேயிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், தட்டுத் தடுமாறி. படிக்கத் தெரியாது. பன்னிரண்டு நாளைக்கு முன்னால், செவ்வாய்க்கிழமை, பார்க்கிங்கில் என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக ஓடிவந்தாள்.

"அங்கிள், நான் அந்த ஐயர்ன் டேப்லெட் எல்லாம் பந்த் பண்ணிட்டேன்!"

"எதை நிறுத்தினே?"

"டேப்லெட். அது போட்டா ரொம்ப உல்டி, வாமிட் வர மாதிரி ஆகுது. எனக்கு 8.6 தான் இருக்கு, டாக்டர் திட்றாங்க. நீங்க டேப்லெட் இல்லாமயே 18.9 இல்ல? ஆன்ட்டி ஜூஸ் நான் ரெண்டு டைம் குடிக்கிறேன். ஆன்ட்டிகிட்ட சொல்லாதீங்க ஹாங், டேப்லெட்டோட சேத்துத்தான் குடிக்கணும்னு சொல்லியிருக்காங்க. திட்டுவாங்க."

நான் அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். "அம்மா, என்னுடைய 18.9 பீட்ரூட்டினால் வந்ததல்ல, புகையினால் வந்தது. உன் குழந்தைக்காக மாத்திரையைப் போட்டுக்கொள்." எட்டு விநாடி ஆகியிருக்கும். நான் சொன்னது என்ன தெரியுமா?

"டேக் கேர்."

போன வெள்ளிக்கிழமை தேஜஸ் அதே பார்க்கிங்கில் நின்றுகொண்டிருந்தான். முகம் சரியில்லை. வைஷுவுக்கு 7.9 ஆகிவிட்டதாம். ஊசி வழியாக இரும்புச் சத்து ஏற்ற வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்கிறாராம். மாத்திரையை நிறுத்தியதை வைஷு அவனிடமும் சொல்லவில்லை, டாக்டரிடமும் சொல்லவில்லை. ஜூஸைத் தான் சரியாகச் செய்யவில்லையோ என்று அழுகிறாளாம்.

"உங்களுக்கு எப்படி அங்கிள் ஒர்க் ஆச்சு?" என்று கேட்டான்.

மேலே வந்து லேப்டாப்பைத் திறந்து, "ரங்கராஜனின் கதை, ஏழாம் பிரதி" என்று தலைப்பிட்டேன்.

7

வாசகரே, நீங்கள் என்னை எப்படிப் பார்க்கிறீர்கள் என்று தெரிகிறது. அப்படிப் பார்க்காதீர்கள். நான் ஒரு முடிவைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

முடிவு ஒன்று: ரங்கராஜன் சிகரெட்டை நிறுத்துகிறார். நூற்றிருபது நாளில் பழைய அணுக்களெல்லாம் ஓய்ந்து, ஹீமோகுளோபின் பதினைந்துக்கு இறங்குகிறது. யாருக்கும் எதுவும் தெரிவதில்லை. (அழகான முடிவு. ஆனால் ஆறு மாத கர்ப்பிணிக்கு நூற்றிருபது நாள் ஏது?)

முடிவு இரண்டு: டாக்டர் தேஷ்முக் தற்செயலாக மேல் வீட்டுப் பெண்ணை, அதாவது கதையில் வரும் வைஷுவை, சந்தித்து எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார். (தற்செயல் என்ற வார்த்தையை எழுதும்போது எனக்கே கூசியது.)

முடிவு மூன்று: ரங்கராஜன் இந்த விஷயத்தை ஒரு கதையாக எழுதிப் பத்திரிகைக்கு அனுப்புகிறார். மேல் வீட்டுப் பெண் அதைப் படித்து—

மேல் வீட்டுப் பெண்ணுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது! இதை நான் ஏழாம் பிரதியில்தான் கவனித்தேன். இந்தக் கட்டடத்தில் இருநூறு பேர் இருக்கிறார்கள். தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். யாரிடம் சொல்லியாக வேண்டுமோ அவளுக்குத் தெரியாத எழுத்தில், இவ்வளவு அக்கறையாக, ஒற்றெழுத்தெல்லாம் சரிபார்த்து, நான் ஒப்புதல் வாக்குமூலம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கடைசியில் ஒரு யோசனை வந்தது. அந்த ஐந்து பேரில் ஒருத்தி என் வீட்டிலேயே இருக்கிறாள். சுப்ரஜாவிடம் இதைக் கதையாகவே படித்துக் காட்டினால் என்ன? கோபம் வந்தால் ரங்கராஜன் மேல் வரட்டும். எவ்வளவு வருகிறது என்று பார்த்துக்கொண்டு மேற்கொண்டு முடிவு செய்யலாம்.

முதல் இரண்டு பகுதிகளை எடுத்துவிட்டேன். "நான்" வரும் இடமெல்லாம் "ரங்கராஜன்" ஆக்கினேன். முகாமை ஆபீஸ் மெடிக்கல் செக்கப் ஆக்கினேன். பீட்ரூட்டை முருங்கைக்கீரை சூப் ஆக்கினேன். 18.9-ஐ 17.6 ஆக்கினேன். மேல் வீட்டுப் பெண்ணை எதிர் வீட்டுக்கு மாற்றினேன். இதைவிட ஜாக்கிரதையாக ஒருவன் கதை எழுத முடியாது.

8

இன்று காலை, டைனிங் டேபிள். சுப்ரஜா பீட்ரூட் சீவிக்கொண்டிருந்தாள். நான் படித்தேன். என் கதை எதையும் அவள் இவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை. இரண்டு இடத்தில் சிரிக்கக்கூடச் செய்தாள். முடித்துவிட்டு நிமிர்ந்தேன்.

"எப்படி இருக்கு?"

"ஷேர் ஆட்டோ நன்னா இருக்கு. மத்ததெல்லாம் நம்பற மாதிரியே இல்லை."

"எது நம்பற மாதிரி இல்லை?"

"பொண்டாட்டிக்குத் தெரியாம பதினோரு வருஷம் சிகரெட்டா? சும்மா இருங்கோ. அந்தக் கனகவல்லிக்கு மூக்குன்னு ஒண்ணு கெடையாதா? மண்டூகமா அவ? கதைன்னா கொஞ்சமாவது லாஜிக் வேண்டாமா?"

என்னைப் பொய்யன் என்று சொல்லியிருந்தால் தலையைக் குனிந்துகொண்டிருப்பேன். கோழை என்றால் ஆமாம் என்றிருப்பேன். லாஜிக் இல்லை என்று சொல்லிவிட்டாள். இருபது வருஷமாக எழுதுகிறவனைப் பார்த்து, ஒரு பீட்ரூட்டைக் கையில் வைத்துக்கொண்டு! எனக்கு வந்ததே ஒரு கோபம்.

"ஏன் லாஜிக் இல்லை? ஆபீஸ் டிராயர்ல தனியா ஒரு சட்டை வெச்சிருக்கான். டப்ரிக்கு அதைத்தான் போட்டுண்டு போவான்."

"சரி, சட்டைல வராது. கைல நாறாதா?"

"கையால தொட்டாத்தானே? பேப்பர் கிளிப்ல பிடிச்சுப்பான்."

"வாய்?"

"ரெண்டு ஏலக்காய், ஒரு ஸ்பூன் சோம்பு. அதுக்கு மேல ஒரு வெத்தலை."

"தலைமுடில? முடில வாசனை நின்னா ரெண்டு நாளைக்குப் போகாதாக்கும்."

"அதுக்குத்தான் ஒட்ட வெட்டிண்டிருக்கான்!" என்று வெற்றியோடு மேஜையைத் தட்டினேன்.

சுப்ரஜா என் தலையைப் பார்த்தாள்.

அங்கேயாவது நான் நிறுத்தியிருக்கலாம். நல்ல கேள்விகள் வந்துகொண்டிருக்கும்போது எந்த எழுத்தாளன் நிறுத்துவான்?

"லீவு நாள்ல என்ன பண்ணுவான்?" என்று கேட்டாள். குரல் இறங்கியிருந்தது.

"கொத்தமல்லி வாங்கப் போவான்."

"ஒரு நாளைக்கு ஒரு தடவைதானே போக முடியும்?"

"ரெண்டாவது தடவை கறிவேப்பிலையை மறந்துட்டேன்னு சொல்லுவான். மூணாவது தடவை, வாங்கின கொத்தமல்லி வாடியிருக்குன்னு மாத்தப் போவான். இதெல்லாம் யோசிக்காம எழுதுவேனா நான்?"

அவள் எழுந்தாள். ஃபிரிட்ஜைத் திறந்தாள். ஒரு கட்டு கொத்தமல்லியை எடுத்து மேஜையில் வைத்தாள். இன்னொரு கட்டு. இன்னொன்று. நாலாவது கட்டில் ரப்பர் பேண்டுகூடக் கழற்றவில்லை. பிறகு கறிவேப்பிலை, இரண்டு பொட்டலம். எல்லாவற்றையும் வரிசையாக என் லேப்டாப்புக்கு முன்னால் அடுக்கிவிட்டு உட்கார்ந்தாள்.

இரண்டு பேரும் கொத்தமல்லியைப் பார்த்தோம்.

"ரிசர்வ்ல வெச்சிருக்காளாம்னேளே" என்றாள்.

"ம்."

"நான் எங்க அக்காவுக்கெல்லாம் ஃபோன் பண்ணிச் சொன்னேன்."

திடீரென்று சிரித்தாள். அடக்க முடியாத சிரிப்பு, தோளெல்லாம் குலுங்கியது. நானும் சேர்ந்து சிரிக்கலாமா என்று வாயைத் திறந்தபோது அது அழுகையாக மாறியிருந்தது.

"பதினோரு வருஷம்னா. ஆறு மணிக்கு எழுந்துண்டு தோல் சீவியிருக்கேன். என் நகத்தைப் பாருங்கோ. கல்யாணத்துக்குப் போனாக்கூட மருதாணியான்னு கேக்கறா."

பார்த்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தச் சிவப்பு என் உடம்புக்குள் எங்கேயும் போய்ச் சேரவில்லை, அவள் கையில்தான் நின்றிருந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்ட அடுத்த கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. சிகரெட்டைப் பற்றிக் கேட்பாள் என்று நினைத்தேன்.

"அந்த எதிராத்துப் பொண்ணு. மாத்திரையை நிறுத்தறாளே, கர்ப்பிணி. அது நீங்களா எழுதினதுதானே?"

நான் நாலாவது கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றினேன்.

"வைஷுவா?"

"ஆமாம். வெள்ளிக்கிழமை 7.9 ஆயிடுத்து."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"பன்னண்டு நாள் ஆச்சு."

சுப்ரஜா லேப்டாப்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"பன்னண்டு நாளா கதை எழுதிண்டிருந்தேளா?"

9

இந்தக் கேள்விக்கு அடைப்புக்குறிக்குள் போட ஒன்றும் கிடையாது.

அவள் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள். குழுவுக்கு, "ஜூஸ் மருந்து இல்லை. யாரும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். என் கணவரின் 18.9 பீட்ரூட்டினால் வந்ததல்ல" என்று இந்தியில் ஒன்று, மராத்தியில் ஒன்று அனுப்பினாள். நூற்று நாற்பத்து மூன்று பேருக்கும். அனுப்புவதற்கு முன்னால் இரண்டையும் ஒரு தடவை முழுதாகப் படித்துப் பார்த்தாள். எனக்கு அந்தத் தைரியத்தில் பத்தில் ஒரு பங்கு இருந்திருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது. அனுப்பிய பிறகு ஃபோனைக் குப்புற வைத்துவிட்டாள்.

"காரணத்தை நான் போடலை. அதை நீங்க சொல்லணும். வைஷு அந்த குரூப்பையெல்லாம் பாக்கறதில்லை. நேர்ல சொல்லணும். அவளுக்குப் புரியற பாஷைல."

"வரேன். இதை ஒரு வரி முடிச்சுட்டு—"

"முடிக்காட்டி என்ன ஆகும்?"

அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனாள். லிஃப்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கதவை மூடச் சொல்லி லிஃப்ட் இந்தியில் கெஞ்ச ஆரம்பித்தது. ஒரு தடவை, ரெண்டு தடவை. நான் இந்தப் பகுதியின் முதல் வரியைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

"நான் மேல போய் அவ பக்கத்துல உக்காந்துக்கறேன்" என்றாள். "வாயைத் திறக்கமாட்டேன். நீங்க வந்து சொல்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

லிஃப்ட் போய்விட்டது.

இப்போது நான் நின்றுகொண்டு தட்டுகிறேன். கதவு திறந்திருக்கிறது. முடிவு நான்கு, ஐந்து, ஆறு என்று வரிசையாக வந்துகொண்டே இருக்கிறது, ஒவ்வொன்றும் அருமையாக இருக்கிறது. வைஷு சிரித்துவிடுகிற முடிவு. தேஜஸ் என்னை அடிக்க வருகிற முடிவு. டாக்டர் தேஷ்முக்கிடம் போகிற நாளில் சுப்ரஜா என்னோடு வருகிற முடிவு, வராத முடிவு. நான் எழுதிக்கொண்டிருக்கிற வரை இவற்றில் எதுவும் நடக்காது என்பதுதான் இவற்றில் எனக்குப் பிடித்த அம்சம்.

ஆகவே முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள், லாஜிக் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஐந்தாம் மாடியில் இரண்டு பெண்கள் ஒரு சோபாவில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்திக்கு ஒன்றும் தெரியாது. இன்னொருத்தி வாயைத் திறக்கமாட்டாள். இங்கிருந்து இரண்டு மாடி, முப்பத்தாறு படி. இந்த ரத்தத்தோடு நான் ஓடிப் போய்ச் சேரும்போது எனக்குப் பேச மூச்சு இருக்குமா என்று தெரியவில்லை. மூச்சு வாங்கினால் வாங்கட்டும், வாசலில் நின்று வாங்கிக்கொண்டு சொல்கிறேன். அதைக் கேட்க நீங்கள் வேண்டாம்.